கணக்கப்பிள்ளையும் விமர்சகரும்

தோவாளைப் பூச்சந்தைக்கு விடியற்காலையில் போக வேண்டும். வெயில் ஏறிய பிறகு போனால் அங்கே மிச்சம் இருப்பது ஈரச் சாக்கும் வாழைநாரும்தான். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிற பஸ்ஸில் ஏறி, இருட்டு பிரிவதற்குள் இறங்கினால் முதலில் மணம் வரும், அப்புறம் சத்தம் வரும், கடைசியில்தான் பூ கண்ணில் படும். பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, கேந்தி, கொழுந்து என்று குவியல் குவியலாகக் கிடக்கும். சுற்றுவட்டாரத்தில் பறித்தது போக, மதுரைப் பக்கத்திலிருந்தும் ஓசூரிலிருந்தும் வந்த பூவும் அதிலே கலந்திருக்கும். மலையாளத்துக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். ஓணம் நெருங்கிவிட்டால் விலை கேட்கவே பயமாக இருக்கும்.

நான் அங்கே போவது பூ வாங்குவதற்கு அல்ல. ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவர் எனக்கு முப்பது வருஷத்துச் சிநேகிதர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். என் கதைகளை வாசித்துவிட்டு, 'நல்லாருக்கு' என்ற ஒரே வார்த்தையைப் பத்துவிதமாகச் சொல்லத் தெரிந்தவர். அதில் எந்த 'நல்லாருக்கு' நல்லதில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கே சில வருஷங்கள் பிடித்தன. எனக்குத் தெரிந்த விமர்சகர்களில் அவரை உயர்ந்த இடத்தில் வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியதுதான். ஆனால் கதையைப் பற்றியது அல்ல. கணக்கை நகல் எடுத்து வைக்கும் மென்பொருளைப் பற்றியது. நாவல் எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு கூட வந்தால் காரணம் தெரியும்.

போன வருஷம் ஆனி மாதம். சந்தை ஓய்ந்து, தராசைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

"என்னவே, கண்ணிலே தூசி விழுந்திட்டா?"

"தூசி இல்லே அண்ணாச்சி. கதவெ மாத்தி வச்சிட்டானுவ. நான் செவுத்திலே முட்டிக்கிட்டு நிக்கேன்."

விஷயம் இதுதான். அவர் கடையில் கணக்கு எழுதும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது. அதன் பெயர் எதற்கு? எல்லோரும் அறிந்த டாலி அல்ல, வேறொன்று. பழைய முகம் போய்ப் புதிய முகம் வந்திருந்தது. வெளிர்நீலமும் வெள்ளையுமாகப் பார்க்க அழகாகவே இருந்தது. பழையது கறுத்துப் போன எவர்சில்வர் பாத்திரம் மாதிரி இருக்கும். நான் ரசித்தேன். அவர் ரசிக்கவில்லை. சனிக்கிழமைதோறும் மத்தியானம் பென் டிரைவைச் செருகி, ஒரு விசையை அழுத்தி, மூன்று தடவை என்டர் தட்டி, கணக்கு முழுவதையும் நகல் எடுத்து, பென் டிரைவை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போவது அவருடைய பதினோரு வருஷத்து நியமம். வேலை முடிந்ததும் பழைய திரையில் ஒரு பட்டியல் வரும். எந்தக் கணக்கு, எத்தனை பதிவு, எந்த இடத்தில் வைக்கப்பட்டது, எத்தனை மணிக்கு என்று வரிவரியாக இருக்கும். அதை அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசிப்பார். புதியதில் அந்தப் பட்டியல் இல்லை. அதன் இடத்தில் பச்சை நிறத்தில் ஒரு 'சரி' அடையாளம் மட்டும் வந்தது.

அன்றைக்கு நான் அவருக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "எல்லாம் பழக்கதோஷம்வே. ஒரு வாரம் போனால் சரியாகிவிடும். புதுசு வந்தால் முதலில் எல்லோரும் கூச்சல் போடத்தான் செய்வார்கள்" என்று சொன்னேன். அதோடு விட்டேனா? மேஜைமேல் இருந்த நீளமான சிட்டை நோட்டைக் காட்டி, "ஒரு கணக்கை இரண்டு இடத்தில் எழுதுவானேன்? இதையும் விட்டுத் தொலையும்" என்றேன். ஒரு எழுத்தாளன், தன் உத்தியைப் புரிந்துகொள்ளாத வாசகனைப் பார்த்து என்ன சொல்வானோ அதைத்தான் நான் அவரைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் என் பேச்சைப் பாதி கேட்டார். மலையாளத்து வியாபாரிகளின் பற்றுக்கணக்கை நோட்டில் எழுதுவதை விடவில்லை. பூ கொண்டுவந்து போடுகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியை மட்டும் நோட்டில் எழுதுவதை நிறுத்தினார்.

ஆவணியில் கம்ப்யூட்டர் படுத்தது. ஓணத்துக்குப் பத்து நாள் இருந்தது. உள்ளே இருக்கும் தட்டு போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று நாகர்கோவிலிலிருந்து வந்த பையன் சொல்லிவிட்டான். கணக்கப்பிள்ளை கலங்கவில்லை. மடியிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். அதில் ஆனி மாதத்தில் எடுத்தது வரைக்கும்தான் கணக்கு இருந்தது. புதிய பதிப்பு, அதே விசைக்கு, நகலைப் பென் டிரைவில் எழுதாமல் அதே கம்ப்யூட்டரிலேயே வேறொரு மூலையில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. ஏழு சனிக்கிழமை, ஏழு பச்சை 'சரி'. வீடு எரிந்தால் உதவும் என்று பத்திரத்தின் நகலை அதே வீட்டுப் பரணில் வைத்த கதைதான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் நேரில் பார்த்தேன். பூக்காரிகள் வரிசையாக வந்தார்கள். அரைக்கிலோ பிச்சியும் முக்கால்கிலோ அரளியும் கொண்டுவந்து போடுகிற பெண்கள். சீட்டு வைத்திருந்தவர்கள் காட்டினார்கள். வைத்திராதவர்கள் வாயால் சொன்னார்கள். முதலாளி, சொன்ன தொகையைக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார். ஒரு கிழவி சொன்ன தொகை குறைவு என்று கணக்கப்பிள்ளைக்குத் தோன்றியது. "இல்லே ஆத்தா, ஆடி வெள்ளிக்கு நீ ரெண்டு வாட்டி வந்தேல்லா?" என்று தர்க்கம் செய்து கூடுதலாகக் கொடுத்தார். அவள் வாங்க மாட்டேன் என்றாள். எத்தனை பேருடைய பாக்கி இப்படி யாருக்கும் ஞாபகம் வராமல் போயிற்று என்று சொல்ல முடியாது. என்னைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும், இது தோவாளையில் மட்டும் நடக்கிற கூத்தா என்று பார்க்கத் தோன்றியது. கம்ப்யூட்டர் படித்த என் மருமகனைப் பிடித்துக்கொண்டேன். அவன் சொன்னதும், பிறகு நானாகத் தேடி வாசித்ததுமாக ஒரு பழைய வழக்கு கிடைத்தது. வழக்கு என்றால் கோர்ட் வழக்கு அல்ல. வாசகர்களுக்கும் ஆசிரியருக்கும் இடையே நடக்குமே, அந்த மாதிரி வழக்கு.

பேக்கப் எக்ஸெக் என்று ஒரு மென்பொருள். கம்பெனிகளின் தகவல்களை இரவில் நாடாவிலும் தட்டிலும் நகல் எடுத்து வைப்பது அதன் தொழில். 1980களில் அமெரிக்காவில் மேனார்ட் என்ற கம்பெனியில் பிறந்தது. அப்புறம் விற்பனையும் இணைப்புமாகப் பல வீடு மாறியது. 1999-இல் வெரிடாஸ் கம்பெனியின் வீட்டுக்கு வந்தது. 2005-இல் வெரிடாஸையே சிமான்டெக் வாங்கிக்கொண்டது. சின்னக் கம்பெனிகளிலும் நடுத்தரக் கம்பெனிகளிலும் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிறவர்களுக்கு அது ரொம்பப் பழகிய பெயர். அதன் திரையில் முக்கியமானது ஒரு பட்டியல். 'ஜாப் மானிட்டர்' என்பார்கள். ராத்திரி ஓடிய வேலைகள் எவை, ஓடிக்கொண்டிருப்பவை எவை, இனி ஓட வேண்டியவை எவை, எது தவறியது என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும். காலையில் காப்பியோடு வந்து உட்கார்ந்து அந்தப் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிட்டால் அன்றைய கவலை தீர்ந்தது. அல்லது தொடங்கியது.

2012 மார்ச்சில் சிமான்டெக் புதிய பதிப்பை வெளியிட்டது. முகத்தை மட்டும் அல்ல, மனசையே மாற்றிவிட்டார்கள். அதுவரை அந்த மென்பொருள் 'வேலை' என்ற எண்ணத்தின்மேல் கட்டப்பட்டிருந்தது. இன்ன இரவு, இன்ன நாடாவில், இந்தப் பத்து கம்ப்யூட்டர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நகல் எடு என்றால் அது ஒரு வேலை. புதியது 'கம்ப்யூட்டர்' என்ற எண்ணத்தின்மேல் கட்டப்பட்டது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனி வேலை. பத்தையும் சேர்த்து ஒரே வேலையாகக் கட்ட வழி இல்லை. பழைய பதிப்பிலிருந்து மாறியவர்களுடைய சேர்ந்த வேலைகளை அதுவே பிரித்துத் தனித்தனியாக்கிவிட்டது. ராத்திரி ஒரு வேலையை வைத்துவிட்டுத் தூங்கியவன், காலையில் பத்து வேலைகள் ஒரே நாடாவுக்கு வரிசையில் நிற்பதைப் பார்த்தான். அந்த ஜாப் மானிட்டர் பட்டியலையும் எடுத்துவிட்டார்கள்.

அதை உருவாக்கியவர்களின் பக்கம் ஒரு தர்க்கம் இருந்தது. அது முட்டாள்தனமான தர்க்கமும் அல்ல. 'நீ காப்பாற்ற நினைப்பது வேலையை அல்லவே, கம்ப்யூட்டரைத்தானே? அப்படியானால் கம்ப்யூட்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இது பத்திரமாக இருக்கிறதா என்று கேட்பதுதானே முறை?' புதிதாக அந்த மென்பொருளைக் கையில் எடுத்தவர்களில் சிலருக்கு அது எளிதாகவே இருந்தது. பாராட்டும் கிடைத்தது. ஆனால் பழைய கைகள் கொதித்தன. புகார் குவிந்தது. வேறு மென்பொருளுக்குப் போகிறோம் என்றவர்கள் பலர், பழைய 2010 பதிப்பிலேயே இருந்துகொள்கிறோம் என்றவர்கள் பலர். இரண்டு வருஷம் கழித்து, 2014 ஜூனில் வந்த அடுத்த பதிப்பில் ஜாப் மானிட்டர் திரும்பி வந்தது. பல கம்ப்யூட்டர்களை ஒரே வேலையாகச் சேர்ப்பதும் திரும்பி வந்தது. வாடிக்கைக்காரர்கள் கேட்டதைக் கேட்டோம் என்று கம்பெனி பெருமையாகவே சொல்லிக்கொண்டது. அந்த மென்பொருள் பிறகும் வீடு மாறியது. 2016-இல் வெரிடாஸ் தனிக்குடித்தனம் போனபோது அதுவும் கூடப் போயிற்று. 2024 கடைசியில் ஆர்க்டெரா என்ற புதுப் பெயருக்குக் கீழே வந்தது. அதெல்லாம் நமக்கு வேண்டாம்.

நமக்கு வேண்டியது அந்த இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்துச் சண்டையை இலக்கியச் சண்டையாகவே நான் வாசித்தேன். தொடர்கதை எழுதுகிற ஆசாமி ஒருவர், பதினெட்டு வாரம் ஒரு நடையில் எழுதிவிட்டுப் பத்தொன்பதாவது வாரம் நடையை மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசகர்கள் கடிதம் எழுதித் திட்டுவார்கள். விமர்சகர்கள், 'வாசகர்கள் எதற்கும் இப்படித்தான், பழகியதைத்தான் கேட்பார்கள்' என்று எழுதுவார்கள். நாவலைப் பொறுத்தவரை நான் இன்றைக்கும் விமர்சகர் கட்சிதான். வாசகனைக் கொஞ்சம் உலுக்குவதற்கு நாவலுக்கு உரிமை உண்டு. உலுக்காத நாவலை எதற்குப் படிக்க வேண்டும்? வாசகனும் சும்மா இருக்கவில்லை. உலுக்கப்படுவதற்காகத்தான் சாய்வு நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

ஆனால் நகல் எடுக்கும் மென்பொருளின் முன்னால் யார் சாய்வு நாற்காலியில் உட்காருகிறார்கள்? அதைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் அதை வாங்குகிறார்கள். ராத்திரி காவல்காரன் மாதிரி. அவன் விசில் சத்தம் தூக்கத்தில் கேட்டால் போதும். ஒரு நாள் அவன் விசிலை விட்டுவிட்டுப் புல்லாங்குழல் வாசிக்க ஆரம்பித்தால், வாசிப்பு எவ்வளவு உயர்ந்ததானாலும் வீட்டுக்காரன் எழுந்துதான் உட்காருவான். அவன் ரசனை கெட்டவன் என்று அதற்காகச் சொல்லக் கூடாது.

விமர்சகருக்கு இங்கே வேறொரு சங்கடமும் உண்டு. நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டுத்தான் விமர்சனம் எழுதுகிறார். எழுத வேண்டும் என்பது சம்பிரதாயம். இந்த மென்பொருளுக்குக் கடைசிப் பக்கம் என்பது தகவல் அழிந்து போன நாள். அன்றைக்கு நகலைத் திறந்து, போனது திரும்பி வருகிறதா என்று பார்க்கும் அந்த நிமிஷத்தில்தான் புத்தகம் முடிகிறது. புதிய பதிப்பு வந்த வாரத்தில் அதை நிறுவி, நிறத்தைப் பார்த்து, விசைகளைத் தட்டிப் பார்த்து எழுதுகிறவர் முன்னுரையைப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார். அன்று ஆனியில் நான் செய்ததும் அதுதான்.

கடைசிப் பக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு எல்லோருக்கும் தெரியும்படி நடந்த ஒரு சம்பவம் உண்டு. 2017 ஜனவரி 31-ஆம் தேதி இரவு, கிட்லேப் என்ற கம்பெனியில். மற்றவர்கள் எழுதும் மென்பொருள்களைப் பத்திரமாக வைத்துக்கொடுப்பதே அவர்களுக்குத் தொழில். ராத்திரி வெகுநேரம் கண்விழித்து ஒரு கோளாறைச் சரிசெய்துகொண்டிருந்த ஊழியர் ஒருவர், அழிக்க வேண்டிய கம்ப்யூட்டரில் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு மூலக் கம்ப்யூட்டரிலேயே அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஒன்றிரண்டு விநாடிக்குள் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் முந்நூறு ஜிகாபைட் போய் நாலரை ஜிகாபைட் மிஞ்சியது. சரி, நகல் இருக்கிறதே என்று பார்த்தால், ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றும் உருப்படியாக ஓடிக்கொண்டிருக்கவில்லை. அன்றாடம் நகல் எடுக்க வேண்டியது, பதிப்புப் பொருந்தாமல் தினமும் தவறிக்கொண்டிருந்தது. தவறியது என்று தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் முறையான முத்திரை இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தன. யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் காப்பாற்றியது எது? ஆறு மணி நேரத்துக்கு முன்னால், அந்த ஊழியரே வேறொரு காரியத்துக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல். அந்த ஆறு மணி நேரத்துக் கணக்கு திரும்பி வரவில்லை. சுமார் ஐயாயிரம் திட்டங்களின் பதிவுகளும், அதே அளவு குறிப்புகளும், புதிதாகச் சேர்ந்த எழுநூறு பேரின் கணக்குகளும் போயின. அந்தக் கம்பெனியார் இதை ஒளிக்காமல் எல்லோரும் படிக்கும்படி எழுதி வைத்தார்கள். நம்முடைய சுயசரிதைக்காரர்களில் பலருக்கு வராத தைரியம்.

1998-இல் பிக்சார் கம்பெனியாரின் 'டாய் ஸ்டோரி 2' படத்துக்கும் இதே கதிதான் வந்தது. தவறான கட்டளையால் படம் அழிந்தது, நகலும் ஓடியிருக்கவில்லை. பிள்ளை பெற்று வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பிரதியைக் கொண்டுதான் மீட்டார்கள். இதை நான் நாவலில் எழுதினால், தற்செயல் ஜாஸ்தி என்று விமர்சகர்கள் எழுதுவார்கள்.

இப்போது அந்த ஜாப் மானிட்டர் பட்டியலுக்குத் திரும்பி வருவோம். அது வேண்டும் என்று கூச்சல் போட்டவர்களைப் பழமைவிரும்பிகள் என்று தள்ளிவிட முடியுமா? ராத்திரி எது தவறியது என்று சொல்லும் ஒரு காகிதத்தை அவர்கள் கேட்டார்கள். கணக்கப்பிள்ளையும் அதைத்தான் கேட்டார். அவர் கேட்டபோது 'பட்டியல் எங்கே?' என்று கேட்காமல் 'கதவை மாற்றிவிட்டார்கள்' என்றுதான் சொன்னார். வாசகன் குறை சொல்லும்போது சரியான இடத்தைச் சுட்டிச் சொல்ல மாட்டான். 'என்னமோ பிடிக்கல்லே' என்பான். எங்கே நெருடுகிறது என்று தேடிக் கண்டுபிடித்து அதற்குப் பெயர் வைப்பதற்குத்தான் விமர்சகர் என்று ஒருவர் இருக்கிறார். அந்த வேலையைச் செய்யாமல், பெயர் சொல்லத் தெரியாதவனைப் பார்த்து 'உனக்குப் பழக்கம் போதாது' என்று சொல்வது சுலபம். நான் சுலபமானதைச் செய்தேன்.

பழக்கதோஷம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லவரவில்லை. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது நான் வாலிபன். அதற்கு முன்னால் 'லை', 'னை', 'ணை' எல்லாம் தலையில் வளைந்த கொம்போடுதான் இருந்தன. அந்தக் கொம்பை எடுத்துவிட்டுச் சாதாரண ஐகாரத்தைப் போட்டதும் என் தகப்பனார், "யானைக்குத் தும்பிக்கையை வெட்டிவிட்டார்கள்" என்றார். கடைசி வரையில் பழைய எழுத்தில்தான் எழுதினார். என் கையிலும் அவசரத்தில் பழைய 'லை' வந்துவிடுகிறது. ஆனால் அந்த மாற்றத்தால் எந்தக் கடிதமும் ஊர் தவறிப் போகவில்லை. பழைய எழுத்தையும் வாசித்தோம், புதிய எழுத்தையும் வாசித்தோம், இரண்டும் கொஞ்ச காலம் ஒரே அலமாரியில் இருந்தன. 1957-இல் அணா போய் நயா பைசா வந்தபோதும் பழைய காசை உடனே செல்லாது என்று சொல்லிவிடவில்லை. சில வருஷம் இரண்டும் ஒரே கல்லாப்பெட்டியில் கிடந்தன. அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. அந்தக் காலை யார் விழுங்குவது என்று கடைகளில் நடந்த சண்டையைத் தகப்பனார் சிரித்துக்கொண்டு சொல்வார். அந்தச் சண்டை கண்முன்னால் நடந்தது. அந்தக் கால் போனது அன்றைக்கே தெரிந்தது. ஏழு வாரம் கழித்துத் தெரியவில்லை.

நம் நாட்டிலேயே, எல்லோருக்கும் தெரிந்த உதாரணமாக, டாலியைச் சொல்லலாம். தெற்கிலும் கிழக்கிலும் ஆலைகளுக்குச் சாமான் சப்ளை செய்துகொண்டிருந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தம் கடைக்கு ஒத்துவருகிற கணக்கு மென்பொருள் ஒன்றும் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவிடம் நீயே எழுது என்று சொல்ல, 1986-இல் பிறந்தது அது. கணக்கு எழுதுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதப்பட்டது என்பது அதன் ஒவ்வொரு விசையிலும் தெரியும். 2009-இல் வந்த ஈஆர்பி 9 பதிப்பு கணக்கர்களின் விரலில் ஊறிப்போயிருந்தது. 2020 நவம்பரில் டாலிபிரைம் என்ற புதிய பதிப்பு வந்தது. முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஆனால் மாற்றியவர்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். பணம் கொடுத்ததை எழுத எஃப்5, வாங்கியதை எழுத எஃப்6, விற்பனைக்கு எஃப்8 என்று நாளெல்லாம் தட்டுகிற விசைகளைத் தொடவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்காக, ஆல்ட்டையும் ஜி-யையும் சேர்த்து அழுத்திப் பெயரைத் தட்டினால் அங்கே கொண்டுபோய்விடும்படி ஒரு வழி வைத்தார்கள். பழைய கணக்கும் புதியதில் திறந்தது. இதைத்தான் நல்ல திருத்தம் என்பேன்.

அதிலும் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. நகல் எடுக்கும் இடம் மாறியது. பழையதில் ஆல்ட்டும் எஃப்3-ம் அழுத்திப் போக வேண்டிய இடத்துக்குப் புதியதில் ஆல்ட்டும் ஒய்-யும் அழுத்திப் போக வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் நாளைக்கு நூறு தடவை தட்டும் விசையை மாற்றினால் விரல் இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு தடவை போகிற விரல் ஒவ்வொரு வாரமும் புதிதாகத் தடுமாறும். கணக்கப்பிள்ளைக்கு நகல் எடுக்கிற வேலை அப்படி வாரத்துக்கு ஒரு தடவை வருகிற வேலைதான். அரிதாகப் போகிற பாதையை அடிக்கடி போகிற பாதையைவிட ஜாக்கிரதையாக விட்டுவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மென்பொருள் எழுதுகிறவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இந்த விஷயத்தில் வேறொரு ஞாபகம் வராமல் போகாது. அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் பரம்பரையாக இருந்த ஓலைகள் உண்டே, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பார்த்து ஆராய்ந்தவை, அவற்றை 'முதலியார் ஓலைகள்' என்பார்கள். வரி, நிலம், வழக்கு, ஊர்க்கூட்டம் என்று அந்தக் காலத்து வியவகாரம் அத்தனையும் பனையோலையில் எழுதிக் கிடந்தது. ஓலைக்கு ஆயுசு அதிகமில்லை. நம் ஊர் ஈரத்துக்கும் செல்லுக்கும் ஈடுகொடுத்து வெகுகாலம் இருந்தால் அதிசயம். அதனால் ஏடு பெயர்த்து எழுதுவது என்று ஒரு தொழிலே இருந்தது. எழுதியவனைவிடப் பெயர்த்தவனை நம்பித்தான் தமிழ் இத்தனை காலம் வந்திருக்கிறது. பெயர்த்து எழுதுகிறவனுக்கு வசனம் பிடிக்காமல் இருந்திருக்கலாம். தனக்குத் தோன்றியபடி திருத்திய ஆசாமிகளும் இருந்தார்கள். உ. வே. சாமிநாதையர் போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து பல பிரதிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டி வந்ததற்கு அவர்களும் ஒரு காரணம். பழைய ஏட்டை ஆற்றில் விடுகிற வழக்கமும் இருந்தது. புதிய ஏட்டில் பெயர்த்து முடித்த பிறகு விட வேண்டியதை, பெயர்க்காமலேயே விட்டதனால்தான் பல நூல்கள் பெயர் மட்டும் மிஞ்சிப் போய்விட்டன. ஜாப் மானிட்டரை எடுத்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். பழைய ஏட்டை ஆற்றில் விட்டுவிட்டு, புதியதில் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, போன மாதம் முதல் சனிக்கிழமை மறுபடியும் தோவாளைக்குப் போனேன். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. சந்தை முடிந்து கூடைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதே மென்பொருள், அதே புதிய முகம். விட்டுத்தொலைக்கவில்லையா என்று கேட்டேன்.

"என்னத்துக்கு அண்ணாச்சி? அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் இப்பொ அதெ நம்பல்லே. நம்பாம இருந்தா நல்லாத்தான் வேலை செய்யுது."

அவர் இப்போது ஒரு காரியம் செய்கிறார். மாதத்தில் முதல் சனிக்கிழமை, பென் டிரைவில் எடுத்த நகலை, கடைக் கம்ப்யூட்டரில் அல்ல, மகள் வாங்கிக் கொடுத்த வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, ஏதாவது ஒரு நாளுடைய கணக்கை எடுத்து வரிவரியாகச் சிட்டை நோட்டோடு ஒத்துப்பார்க்கிறார். நோட்டில் பூக்காரிகளின் பாக்கியும் மறுபடி வந்துவிட்டது. அன்றைக்கு என்னைப் பிடித்து உட்கார்த்திவைத்து, நோட்டை என் கையில் கொடுத்தார். அவர் திரையைப் பார்த்து வாசிக்க, நான் நோட்டில் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். விமர்சகருக்கு ஏற்ற வேலைதான்.

"பிச்சி, ஒண்ணே கால் கிலோ."

வைத்தேன்.

"அரளி, மூணு கிலோ."

வைத்தேன்.

"கொழுந்து, எட்டுக் கட்டு."

நோட்டில் ஆறு கட்டு என்று இருந்தது. சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுந்துபோய், ஆணியில் குத்தியிருந்த சீட்டுகளைத் தள்ளித் தள்ளி, ஒன்றை உருவி எடுத்துப் பார்த்தார். எட்டுக் கட்டுதான். தப்பு நோட்டில் இருந்தது.

"நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிவப்பு மையில் திருத்தினார். அது எந்த 'நல்லாருக்கு' என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த வரியை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.